ஆடிக் காற்றும் என் முதுகும்

சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்குச் சைக்கிளில் கிளம்பிய எங்கள் கூட்டத்தில் எப்போதும் கடைசி ஆள் நான்தான். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வேன் வரும், முடியாதவர்களைச் சைக்கிளோடு ஏற்றிக்கொள்ள. நாள் முழுக்க அதன் உறுமலை முதுகில் கேட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்தால்தான் என் எரிச்சல் புரியும். டிரைவர் நல்ல மனுஷர். ஊருக்கு ஊர் தலையை நீட்டி, ஏறிக்கொள்கிறீர்களா அம்மா என்று கேட்பார். கெட்டவராக இருந்தால் திட்டவாவது செய்யலாம்.

தஞ்சாவூர் வருவதற்குள் இரண்டு முறை ஏறியும் விட்டேன். பாண்டிச்சேரிக்கு முன்னால் வெயில் சாய்த்துவிட்டது. சிதம்பரத்துக்கு முன்னால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மூன்றாவது முறை ஏறினால் அத்தோடு பயணம் முடிந்தது என்பது விதி. விதியைப் போட்டவர் கூட்டத்தை நடத்திய தம்பி. ஈர்க்குச்சி உடம்பு, வளைந்து கொடுக்காத வாய்.

அன்றைக்குத் தஞ்சாவூரிலிருந்து ஸ்ரீரங்கம். என் வீடோ அங்கிருந்து பக்கம்தான், தில்லை நகரில். நான் வேனில் ஏறினால் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடலாம், எல்லாருக்கும் வசதி. விடிந்ததும் வீட்டுக்காரர் போன் செய்தார். திருவெறும்பூர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுவார்.

"ராஜகோபுரத்துக்கிட்ட காரோட நிக்கிறேன். கயிறும் எடுத்துக்கிட்டேன். சைக்கிளை மேல கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம். போதும்மா, இவ்வளவு தூரம் வந்ததே பெருசு."

அக்கறையாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைக் கேட்காமலே என் பயணத்தை முடித்து, கயிறும் எடுத்து வைத்தாயிற்று! போனை வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

கல்லணை வரை சாலையோர மரங்கள் காப்பாற்றின. அணையைத் தாண்டி திருவானைக்கோவில் ரோட்டைப் பிடித்ததும் ஆடிக் காற்று நேருக்கு நேர். வாழைத் தோப்புகளில் இலையெல்லாம் நார் நாராகக் கிழிந்து தொங்கியது. காற்றின் இரைச்சலில் வேன் சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்த ஒரு லாபத்தோடு தலையைக் குனிந்து மிதித்தேன். வேகமெல்லாம் இல்லை, எப்போதும் போகிற மாட்டுவண்டி வேகம்தான். நிமிர்ந்து பார்த்தால், காலையில் பறந்துபோன எங்கள் கூட்டத்துப் பிள்ளைகளெல்லாம் கொஞ்ச தூரத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் முன்னால் போவதும், நிமிஷத்தில் பின்வாங்குவதுமாக இருந்தார்கள். என்னைத் தள்ள அந்தக் காற்றால் முடியவில்லை. நான் அவ்வளவு கனம்.

அவர்களைத் தாண்டினேன். தாண்டியதும் ஒரு பெண் என் பின்சக்கரத்தை ஒட்டி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். என்னை வைத்து விளையாடுகிறார்கள் என்று சுர்ரென்று கோபம் ஏறியது. முன்னால் போவதென்றால் போக வேண்டியதுதானே என்று திரும்பாமலே கத்தினேன்.

"நீங்களே போங்கக்கா," என்றாள் அவள், மூச்சு வாங்க. "உங்க பின்னாடி வந்தா காத்தே இல்ல."

கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது யார் தோளுக்காவது பின்னால் பாதி மறைந்து, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறவள் நான். மலைக்கோட்டைக் கடைகளில் சுடிதார் கேட்டால், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அளவு இல்லை என்பார்கள். அந்த உடம்புக்குப் பின்னால் இப்போது ஒரு கூட்டமே ஒதுங்கி வந்துகொண்டிருந்தது. சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. என் உடம்பை நினைத்து நான் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான். யாருக்கும் காற்று படக்கூடாது என்று தோள்களை நன்றாக அகட்டிக்கொண்டேன்.

உத்தமர்சீலி தாண்டுவதற்குள் எல்லாரும் வரிசையில் சேர்ந்துவிட்டார்கள். விதி போட்ட தம்பி எப்போது வந்தாரோ தெரியாது. திரும்பிப் பார்த்தபோது வேனுக்கு முன்னால், கடைசி ஆளாக அவர்தான் வந்துகொண்டிருந்தார்.

திருவானைக்கோவில் தெருக்களைக் கடந்து ராஜகோபுரத்தடிக்கு முதலில் போய்ச் சேர்ந்தது என் சைக்கிள். வீட்டுக்காரர் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். என்னைக் கவனிக்கவே இல்லை. நேராக வேனிடம் போய், ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். டிரைவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் கை காட்டினார்.

வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நிற்கவும், தம்பி என்னிடம், "நாளைக்குப் புதுக்கோட்டை வரைக்கும் முன்னாடி நீங்க போறீங்களாக்கா?" என்று கேட்கவும் சரியாக இருந்தது. போகிறேன் என்றேன்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், வரிசையாக நின்ற பிள்ளைகளைப் பார்த்தார், கடைசியில் தோளிலிருந்த கயிற்றைப் பார்த்தார்.

"அப்ப இதை என்ன பண்றது?"

"பத்திரமா வச்சிருங்க," என்றேன். "ராமேஸ்வரத்துக்கு வரும்போது எடுத்துட்டு வாங்க. அங்கேருந்து கட்டிக்கிட்டு வந்துடலாம்."