ஆற்றுக் கருவியில் சேறு அப்பிய நாள்

போன வருஷம் வேனலில் எங்கள் ஆற்றுப் பாலத்தின் தூணில் ஒரு கருவி வைக்க வந்தார்கள். தண்ணீருக்குள் ஓர் இரும்புக் குழல், அதிலிருந்து கரைக்கு ஒரு வயர். ஆறு ஏறுவதைப் பார்த்து எல்லார் போனிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டுமாம். சோதித்துப் பார்க்கத் தண்ணீரில் இறங்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நானும் என் மகன் குடும்பமும் இருப்பது பாலத்துக்குக் கீழே, ஆற்றை ஒட்டி. அதனால் நானே இறங்கினேன். முன்பு அந்த இடத்தில்தான் திருவட்டாறு கோயிலுக்கு வரும் யானையைக் குளிப்பாட்டுவார்கள். பாகனுக்கு ஒரு காது கேட்காது. யானை கேட்கும் காதின் பக்கமாகவே வந்து நிற்கும். அது கிடக்கட்டும்.

வந்திருந்த இன்ஜினியர் பெண் சொன்னாள்: "அய்யா, குழல்ல நல்லா சேத்த அப்புங்க."

"புதுசாக்கும் மக்களே. நாசமாப் போவாதா?"

"நாசமாக்கத்தான் வந்திருக்கோம். ஒருநாள் சேறு அடைக்கும், வயர் அறும். அப்ப இது 'எனக்குத் தெரியல'ன்னு சொல்லணும். சொல்லுதான்னு பாக்கணும்."

அப்பினேன். அவள் போனில் பச்சை. வயரைப் பிடுங்கச் சொன்னாள். பிடுங்கினேன். அப்போதும் பச்சை. கடைசியாகப் பார்த்த அளவையே பிடித்துக்கொண்டு நின்றது.

"வயரு எனக்க கையில இருக்கு. பொறவு எப்பிடி பச்சை காட்டுது?"

"புரோகிராம்ல தப்பு. சரி பண்ணாம இதத் தெறக்க மாட்டாங்க அய்யா" என்றாள். முகம் வாடியிருந்தது.

திறந்தார்கள். மைக் வைத்து, லட்டு கொடுத்து. அந்தப் பெண்ணைக் காணவில்லை. வந்திருந்த அதிகாரி ஒருவரிடம், அந்தப் பச்சையைச் சரியாக்கினீர்களா என்று கேட்டேன். "பாத்துரலாம் பெரியவரே" என்றார். லட்டில் நெய்யே இல்லை.

முன்பெல்லாம் மழை பிடித்தால் என் மகன் குடையோடு போய்ப் படித்துறையில் துணி துவைக்கிற கல்லைப் பார்ப்பான். கல் முங்கினால் பிள்ளைகளோடு மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம். போன மழைக்கு அவன் கட்டிலில் கிடந்தபடி போனைத் தடவினான். நான்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"மக்கா, கல்லு முங்கியாச்சு. எந்திரிலே."

"பச்சையாட்டுதான் கெடக்கு. கல்லு தாந்திருக்கும்."

"நான் வயரப் பிடுங்கினப்பளும் அது பச்சைதாம்லே காட்டிச்சு."

"அது அப்பம். இப்பம் பெரிய ஆளுவ வந்து தெறந்து வச்சாச்சுல்லா. படிச்சவியளுக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரியும்? பேடிக்காண்டாம், போயி கெடங்க."

பேத்தியை மட்டுமாவது தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். நனைந்தால் சளி பிடிக்கும் என்று மருமகள் விடவில்லை. நானும் போகவில்லை. தனியாகப் போய் யாருக்கு?

அன்று வெள்ளம் முற்றம் வரை வந்து நின்றது. வாசற்படியை நக்கிவிட்டு இறங்கியது. மகன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"கண்டியளா? பச்சைன்னா பச்சைதான்."

வெள்ளம் வீட்டுக்குள் வந்திருந்தால் நான் சொன்னதை நம்பியிருப்பான். அப்படி வரட்டும் என்று வேண்டிக்கொள்ளவா முடியும்? இன்று காலையிலிருந்து மலைப்பக்கம் இருட்டிக் கிடக்கிறது. அவன் போனைச் சார்ஜில் போட்டிருக்கிறான்.