விஜயதசமியன்று சொடுக்காத மவுஸ்

விஜயதசமி காலையில் எதையாவது தொட்டுத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். என் கணவர் நாலு வரி செய்தித்தாள் படித்துக் கடமையை முடித்துவிடுவார். நான் கம்ப்யூட்டர் முன் உட்காருவேன். அன்றும் உட்கார்ந்தேன். திரையில் அம்பு அழகாக ஓடியது. மவுஸ் பட்டனை அழுத்தினால் மட்டும் எதுவும் திறக்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் என்னுடையது. அதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டதும் நான்தான். அணுபுரம் குடியிருப்பில் ஆண்கள் அணுமின் நிலையத்துக்கு வேலைக்குப் போன பிறகு, நான்கு வருடமாக அந்த மென்பொருளின் மெனுக்களைத் தமிழாக்கி வருகிறேன். சம்பளம் கிடையாது, பெயரும் வராது. ஆனாலும் எங்கோ ஒருவர் தமிழில் படித்து ஒரு பட்டனை அழுத்துகிறார், அந்தச் சொல்லைப் போட்டவள் நான் என்ற கர்வம் எனக்கு உண்டு. அதை மறைத்துவைக்கும் பழக்கமும் இல்லை.

ரீஸ்டார்ட் செய்தேன். ஒரு நிமிடம் ஒழுங்காக இருந்துவிட்டு மறுபடி மக்கர் செய்தது. வயரில்லாத மவுஸ் அது, புது பேட்டரி போட்டேன். அப்போதும் அதே கதை.

"ஓசில கெடிச்சா இப்டித்தான் இருக்கும்," என்றார் கணவர். "நல்ல நாளு அதுவுமா இத்த கட்டிகினு இன்னாத்துக்கு அழுவுற?"

பூஜைக்கு வந்திருந்த கொழுந்தனார் இட்லித் தட்டோடு எட்டிப் பார்த்தார். நாவலூரில் ஐ.டி. வேலை அவருக்கு. "லினக்ஸ்ல மவுஸ் தகராறுலாம் சகஜம் அண்ணி. நான் கெளம்பறதுக்குள்ள மொத்தத்தியும் அழிச்சுட்டு வேற சிஸ்டம் போட்டுத் தந்துர்றேன்."

"போட்டுடுடா, தொல்ல வுட்டுது," என்றார் கணவர், என்னை ஒரு வார்த்தை கேட்காமலே.

எனக்குச் சுருக்கென்றது. "பதினோரு மணி வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள சரி பண்ணலேன்னா உங்க இஷ்டம்," என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

மவுஸ் போனால் என்ன, கீபோர்டு இருக்கிறதே. கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்தேன். பட்டனை அழுத்தும்போது கம்ப்யூட்டருக்குச் செய்தி போகிறதா என்று முதலில் பார்த்தேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு வரி டக்கென்று விழுந்தது. ஆக மவுஸிலும் குறையில்லை, லினக்ஸுக்கும் காது நன்றாகவே கேட்கிறது. பிறகு எத்தனை மவுஸ் இணைந்திருக்கிறது என்று கேட்டேன். இரண்டு என்றது. என் கையில் இருந்ததோ ஒன்று. இன்னொன்றின் நிலையைக் கேட்டேன். அதன் இடது பட்டன் அழுத்தியபடியே இருக்கிறது என்று பதில் வந்தது. ஒருவர் அழுத்திய விரலை எடுக்காமலே இருக்கும்போது அடுத்தவர் சொடுக்கு எப்படி எடுபடும்?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சக்கரம் தேய்ந்த என் பழைய மவுஸ். உழைத்த பொருளாயிற்றே என்று முந்தின நாள் சந்தனம் குங்குமம் வைத்து சரஸ்வதி படத்தின் முன் வைத்தது நான்தான். பேட்டரியைக் கழற்றவில்லை. அது அனுப்பும் செய்தியை வாங்கும் குட்டி ரிசீவரையும், எடுத்தால் தொலைந்துவிடும் என்று, கம்ப்யூட்டரின் பின்பக்கமே விட்டிருந்தேன். பாதித் தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

மீதிப் பாதியைக் காட்ட இருவரையும் பூஜை அலமாரிக்குக் கூட்டிப்போனேன். புத்தகங்களைக் காலையிலேயே எடுத்துவிட்டோம். அங்கே மிச்சமிருந்தது என் மவுஸும், முந்தின நாள் கொழுந்தனார் பூஜைக்கு வைத்த ஆபீஸ் லேப்டாப்பும்தான். லீவு நாளில் லேப்டாப்பைத் தொட அவருக்கு மனசு வரவில்லை. அதன் ஒரு மூலை என் பழைய மவுஸின் மேல் ஜம்மென்று ஏறி உட்கார்ந்திருந்தது. அலமாரி லேசாக அதிரும்போதெல்லாம் அந்த மவுஸ் விழித்துக்கொண்டு, அழுத்தியிருக்கிறேன் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருக்கிறது.

"எடுங்க," என்றேன். எடுத்தார். திரும்பி வந்து சொடுக்கினேன். நான்கு வருட வேலையும் பளிச்சென்று திறந்தது. மணி பத்தரைகூட ஆகவில்லை.

கொழுந்தனார் லேப்டாப்பில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் துடைத்தபடி, "அந்த கமாண்ட எனக்கும் அனுப்புங்க அண்ணி," என்றார். கணவர் மறுபடி செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் நான் சமையலறையில் இருந்தபோது, கூடத்தில் கணவர் தன்னுடன் வேலை செய்பவரிடம் போனில் பேசுவது கேட்டது. "ஐ.டி.காரனே அழிச்சுடலாம்னான்பா. எங்கூட்டம்மா ஒக்காந்த எடத்துலயே கண்டுபுட்சிட்டா..."

குக்கர் விசில் அடிப்பதற்குள் எட்டி அடுப்பை அணைத்தேன். மீதியையும் கேட்க வேண்டுமே.