மகளைக் கூப்பிட்ட டெஸ்ட்

சைகோனில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் அந்தக் காரைக்கால்காரரைப் பார்த்தேன். ஒட்டிய கன்னம், தேய்த்த வெள்ளைச் சட்டை. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நின்ற பிறகும் பஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். என்னைப் போலவே, ப்ராஸ்டேட்டில் புற்றுநோய் இருக்குமோ என்று பார்க்க வந்தவர்.

எனக்குப் பயத்தில் வாய் சும்மா இருக்காது.

"ஐயா, ஒரு ரத்த டெஸ்ட் போதாதா? ரெண்டு எதுக்கு?"

"முதல் டெஸ்ட்ல பிஎஸ்ஏங்கிற ப்ராஸ்டேட் புரதம் கூடுனா சந்தேகம். ரெண்டாவதுல, அதுல வேற எதோடயும் ஒட்டாம ரத்தத்துல திரியிற பங்கைப் பார்ப்பாங்க. அது குறைஞ்சா சந்தேகம்."

"தலை சுத்துதுய்யா."

"நம்பரை விடுங்க தம்பி. ரிசல்ட்டை யாருகிட்ட சொல்றாங்கன்னு பாருங்க. இந்த ஊர்ல கெட்ட சேதியை வீட்டாளுங்ககிட்டதான் சொல்வாங்க. முதல் டெஸ்ட் ரிசல்ட்டை என் கையில கொடுத்தாங்க. ரெண்டாவதுக்கு என் மகளை உள்ள கூப்பிட்டிருக்காங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மகள் கண் சிவந்து வெளியே வந்தாள். ஒன்றுமில்லை என்று வியட்நாமிய மொழியில் சொன்னாள். அவர் அப்படியே நம்பியவர்போலத் தலையாட்டி, "அப்ப பசிக்குது, சாப்பிடப் போவோம்" என்று அவள் தோளைத் தட்டினார். அந்த நடிப்பு எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

அவர்கள் படி இறங்குவதற்குள் நர்ஸ் என்னிடம் வந்தாள்.

"உங்களோட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டாள்.

தனியாகத்தான் வந்திருந்தேன். அவரைப் போலச் சிரித்துப் பார்த்தேன்; வரவில்லை.