லோக்கல் ரயிலில் ஒரு ஜெல் மூளை

செம்பூரில் எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் மூளை செய்துகொண்டிருந்தோம். கடல்பாசியைக் காய்ச்சி, இரும்பைக் கலந்து, சிறு குழாய்களில் ஊற்றி உறையவைத்த ஜெல் மூளை. வயதாலும் சில நோய்களாலும் மனித மூளையில் இரும்பு சேரும். எம்ஆர்ஐ ஸ்கேன் அதன் அளவைச் சரியாகத்தான் சொல்கிறதா என்று உயிரோடிருப்பவரின் தலையைத் திறந்து பார்க்க முடியாது. எவ்வளவு கலந்தோம் என்று நமக்கே தெரிந்த போலி மூளையென்றால் சரிபார்த்துவிடலாம்.

ஸ்கேன் மையம் மாட்டுங்காவில் இருந்தது. முதல் மூளையை டாக்ஸியில் கொண்டுபோனேன். சயான் சாலைக் குழிகளில் குலுங்கி ஜெல் விரிசல் விட்டது. விரிசலில் புகுந்த காற்றும் ஸ்கேனில் இரும்பைப் போலவே கறுப்பாகத் தெரிந்தது. எல்லாம் வீண். இரண்டாவது மூளைக்கு ரயில்தான் என்று முடிவு செய்தேன்.

குர்லாவில் வண்டி மாறியபோது பெண்கள் பெட்டியில் மூச்சுவிட இடமில்லை. மூளை இருந்த டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆய்வகத் தோழியிடம் போனில் புலம்பினேன். தமிழைக் கேட்டுத் திரும்பினார் பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர்; தமிழர்கள் நிறைந்த லேபர் கேம்ப் பகுதிக்காரர்.

"அது என்னம்மா, கேக்கா?"

"இல்லத்தே, மூளை."

"ஆட்டு மூளையா?"

விஷயத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"எனக்கு ரத்தத்துல இரும்பே இல்லன்னு டாக்டரு மாத்திரை குடுக்காரு. அம்புட்டும் மேல ஏறி மூளைல போய் உக்காந்திருக்கோ என்னமோ!"

நான் சிரித்த சிரிப்பில் டப்பா ஆடியது. அதைப் பார்த்ததும் அவர் பதறி, பெட்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "அரே ஹட்டோ ஹட்டோ, திமாக் ஜா ரஹா ஹை!"

மூளை போகிறது என்றால் யார்தான் நகரமாட்டார்கள்? ஜன்னலோரம் இருந்த கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். "கிஸ்கா திமாக்?" யாருடைய மூளை என்று கேட்டாள்.

"மேரா" என்றேன், என்னுடையதுதான் என்று. பெட்டியே சிரித்தது.

ஸ்கேனில் ஒரு விரிசல்கூட இல்லை. இரும்பு கூடக்கூடக் குழாய்கள் வரிசையாகக் கறுத்தன. சோதித்துப் பார்ப்பதற்காக, ஒரு குழாயில் மட்டும் எவ்வளவு கலந்தாள் என்பதைத் தோழி எனக்குச் சொல்லவில்லை. படத்திலிருந்து கணக்குப் போட்டு, போனில் அளவைச் சொன்னேன்.

"சரியாடி?"

அவள் போட்ட கூச்சல், தமிழ் தெரியாத மராத்தி டெக்னீஷியனுக்கும் புரிந்துவிட்டது. அவர் உடனே மூன்று கட்டிங் சாய்க்கு, அதாவது அரை கிளாஸ் டீக்கு, சொல்லி அனுப்பினார். செம்பூரில் இருந்தவளின் பங்கையும் நானே குடித்தேன்.