ஆர்லீத்தாவின் நீல அங்கி

என் சித்தப்பா எஸ்ராவுக்கு மூன்று பெண்கள். நடுவில் பிறந்தவள் ஆர்லீத்தா. டெட்ராய்ட்டில் ஒரு ஓட்டல் சலவைக்கூடத்தில் வாரமெல்லாம் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுவாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் நீல அங்கி மாட்டிக்கொண்டு பாடகர் வரிசையில் நிற்பாள். புருஷனும் போய், பிள்ளையும் இல்லாதவளுக்கு அந்த அங்கிதான் எல்லாம்.

அவள் அக்கா மகள் டெல்ஃபின் காதல் பாட்டுக்காரி. இரண்டு இசைத்தட்டு போட்டும் யாரும் சீண்டவில்லை. அறுபத்தைந்தாம் வருஷம் மூன்றாவது தட்டைப் பதியும்போது பின்பாட்டுப் பெண்கள் வராமல் போனார்கள்.

"சித்தி, மூணே நாள் என் பின்னாடி வந்து நில்லு."

"நிக்கிறேன்டி. தட்டோட அட்டையில என் பேரு மட்டும் வேணாம். பாஸ்டர் காதுக்குப் போனா அங்கிய உருவிருவாரு."

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. சபைக்கு வெளியே உலகப் பாட்டு பாடிய வாய் எங்கள் சபையில் கர்த்தர் பாட்டைப் பாடக் கூடாது. என் பெரியப்பா மகன் லூத்தர் ஒரு மதுக்கடையில் பியானோ வாசித்தான் என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சாகும்வரை அவன் அங்கேதான் இருந்தான்.

தட்டு வெளிவந்தது. ரேடியோவில், முடிவெட்டும் கடையில், போகிற கார்களில் எல்லாம் அதே பாட்டுகள்தான். நாலாவது பாட்டில் டெல்ஃபின் நிறுத்திய இடத்தில் வேறொரு குரல் தனியாக மேலே ஏறும். அந்தக் குரல் யாருடையது என்று பத்திரிகையில்கூடக் கேட்டு எழுதினார்கள்.

டெல்ஃபின் போன் செய்தாள். "சித்தி, அட்டை மறுபடி அச்சாகுது. திங்கக்கிழமைக்குள்ள சரின்னு சொல்லு, பேரைப் போட்டுடறேன்."

ஆர்லீத்தா என் வீட்டுக்கு வந்து காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாள். "என் பேரை அச்சில பாத்ததே இல்லக்கா" என்றாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் காரியம் பார்க்கும் டீக்கன் பஃபர்ட் டெல்ஃபினின் தட்டையும் பாட்டுப்பெட்டியையும் மேடையில் கொண்டுவந்து வைத்தார். ஊசியை இறக்கினார். ஏதோ பாட்டு ஓடியது.

"அந்தப் பக்கம் இல்ல டீக்கன், திருப்பிப் போடுங்க" என்றாள் சிஸ்டர் ஸிப்போரா. சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்தாள். பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

திருப்பிப் போட்டதும் அந்தக் குரல் ஏறியது. "இது நம்ம சிஸ்டர் ஆர்லீத்தாவா? தெரிஞ்சவங்க சொல்லலாம்" என்றார் பாஸ்டர். எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினோம். சொன்னால் வீட்டில் தட்டு இருப்பது வெளியாகிவிடும். என் தட்டு மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது.

"அப்ப நீங்களே சொல்லுங்க சிஸ்டர். உங்க குரலா இது?"

ஆர்லீத்தா அங்கியின் கையைச் சுருட்டிப் பிடித்தாள். பெட்டிக்குள் அவள் குரல் இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

"இல்லங்கய்யா."

ஆமென் என்றோம் நாங்கள். தெரிந்தவர்கள்தான் உரக்கச் சொன்னோம். மறுநாள் அவள் டெல்ஃபினிடம் வேண்டாம் என்றாள்.

ஆறு வருஷம் கழித்து என் மகன் கல்யாணம். விருந்தில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். அந்த இடம் வந்ததும் கூடவே பாடிக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் தாங்களாகவே நிறுத்திவிட்டு ஆர்லீத்தா பக்கம் பார்த்தார்கள். அவள் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

புது மருமகளுக்கு ஒன்றும் தெரியாது. "பாடுங்க அத்தை, நல்லா பாடுவீங்களாமே" என்றாள்.

"இந்தப் பாட்டு எனக்குத் தெரியாதும்மா" என்று அவளிடம் கேக் தட்டை நீட்டினாள் ஆர்லீத்தா. பாட்டு முடிகிறவரை அந்தக் குரலோடு சேர்ந்து ஆர்லீத்தாவின் தொண்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.