மழையில் நிற்கும் டயர்

இன்று அப்பாவின் வாடகைக் காருக்கு டயர் வாங்கப் போனோம். கடைகளில் நான் வாய் திறப்பதே இல்லை. இன்று பேசியே தீருவது என்று போனேன்.

போன கிழமை மழையில், பிரேக் பிடித்தும் கார் வழுக்கிக்கொண்டு போய் சோதனைச்சாவடிக் கோட்டைத் தாண்டித்தான் நின்றது. ஆமிக்காரர்கள் துவக்கை நீட்டிவிட்டார்கள். அப்பா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு இறங்கியதைப் பின் சீட்டிலிருந்து பார்த்தேன்.

கடைக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன்; நானா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு டயரைத் தட்டிக் காட்டினார். "பக்கத்தில போட்டிருக்கிற நம்பரப் பாருங்க, பெரிசு. லேசில தேயாது."

அப்பா உடனே தலையாட்டிவிட்டார்.

"அந்த நம்பர் தேய்மானத்துக்கு, நானா," என்றேன். "ஈர ரோட்டில பிடிக்குமோ எண்டு பாக்க எழுத்து வேற இருக்கு. இதில 'சி' எண்டிருக்கு, அது குறைவு. ஆகத் திறமானது 'ஏஏ'. அப்பிடி இரண்டு ஏ போட்டது இருக்கோ?"

நெட் கஃபேயில் தேடிப் படித்தது.

"இருக்கு. அது வேகமா ஓடுற கார்களுக்கு, தங்கச்சி. கெதியாத் தேஞ்சிடும். வாப்பா என்ன, ரேஸ் ஓடப் போறாரோ?"

"ஓடுறதுக்கு இல்லை, நானா. நிக்கிறதுக்கு."

நானாவும் அந்தச் சோதனைச்சாவடி ரோட்டால்தான் வீட்டுக்குப் போகிறவர். உள்ளே போய் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். முன் சில்லுகளுக்குப் பூட்டினோம்.

திரும்பும்போது நல்ல மழை. சோதனைச்சாவடியில் அப்பா பிரேக்கைத் தொட்டதும் கார் கோட்டுக்கு ஒரு கார் நீளம் முன்னாலேயே நின்றுவிட்டது. ஆமிக்காரர் இன்னும் கிட்ட வரச் சொல்லிக் கை காட்டினார்.

"தள்ளி நிண்டதுக்கும் ஏசுவாங்களோ?" என்று அப்பா கேட்கிறார். இதைப் படிக்கிறவர்களில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.