கடல்தரைப் பிளவைப் புரிந்துகொள்ள வெள்ளகோவில் கிணற்றுக்கு

1969 மே மாதம், பள்ளி விடுமுறையில், கோவையிலிருந்து வெள்ளகோவிலுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பினேன். பாதி வெட்டிய ஒரு கிணற்றைப் பார்ப்பதற்காக.

அப்போது நான் பெண்கள் பள்ளியொன்றில் பூகோள ஆசிரியை. நூலகத்துக்கு வரும் வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் கடல்தரையைப் பற்றித்தான் பேச்சு. நடுக்கடலில் தரை பிளந்து இருபுறமும் விலகுகிறது. இழுபடும் பாறை படிப்படியாக உடைந்து பிளவுகள் உண்டாகின்றன. வேறோர் இடத்தில் அதே தரை, பூமியின் மேலோட்டில் உள்ள இன்னொரு தட்டின் அடியில் புதைகிறது. எனக்குப் பிடிபடாதது ஒன்றுதான்: அந்தப் புதைதல் முதன்முதலில் எப்படித் தொடங்கும்? அத்தனை கெட்டியான பாறை எப்படி முறியும்? பழைய பிளவுகளின் வழியாக இருக்கலாம் என்று ஒரு கட்டுரை ஊகித்தது. ஆனால் நானோ ஒரு பிளவைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

உடன் வேலை பார்த்த ருக்மணியிடம் இதைச் சொன்னேன். "எங்கண்ணன் கிணறு வெட்டறாருங்க. வடக்குச் சொவத்துல கல்லு கண்ணாடியாட்ட வழுவழுன்னு இருக்குது. போய்ப் பாருங்க" என்றாள்.

காலை ஆறு மணி பஸ். பல்லடம், காங்கேயம் வழியாகத் தொண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்று மணி பத்து நிமிடம். டிக்கெட் இரண்டே முக்கால் ரூபாய். இடப்பக்க ஜன்னலில் வெயில் சுடும், வலப்பக்கம் உட்காருவது நல்லது. அங்கிருந்து தோட்டத்துக்கு நாலு கிலோமீட்டர் மாட்டு வண்டி.

கிணறு நாற்பது அடி ஆழம், தண்ணீர் இல்லை. ருக்மணியின் அண்ணன் பழனிச்சாமி வடக்குச் சுவரின் அடியில் ஆட்களைக் கொண்டு வெடிக்குத் துளை போட்டிருந்தார். படியில் இறங்கிப் பார்த்தேன். சுவரின் குறுக்கே சரிவாக ஒரு பிளவு. அதன்மேல் ஓர் அறை அளவுக்குப் பாறை சாய்ந்திருந்தது. பிளவின் முகத்தில் கீழ்நோக்கி இணையான கீறல்கள். இடையில் கரும்பச்சைக் களிமண், ஈரவிரல் பட்டதும் சோப்பாக வழுக்கியது.

அங்கேதான் எனக்கு விளங்கியது. என்றோ விழுந்த பிளவுக்குள் நீர் இறங்கி, கல்லையே மிருதுவாக்கியிருக்கிறது. கடலடியிலும் இப்படித்தான் என்றால், பின்னால் தட்டு நெருக்கப்படும்போது புதிதாக எதுவும் முறிய வேண்டியதில்லை. இருக்கும் வழுக்கலிலேயே கனமான பக்கம் கீழே இறங்கத் தொடங்கலாம்.

"வெடி வெச்சா இந்தக் கல்லு சரிஞ்சு போடுமுங்க" என்றேன்.

பழனிச்சாமி சிரித்தார். "ஏனுங்க டீச்சர், நாப்பதடி வெட்டியும் அசையாத கல்லுங்க. வெடிக்கறப்ப ஆளுக எல்லாம் மேல வந்துருவாங்க. அப்பறம் என்னங்க பயம்?"

மூன்று மணிக்கு வெடித்தார்கள். புகை அடங்கியபோது பாறை இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

கிளம்பும்போது அவருடைய மனைவி மயிலாத்தாள் வண்டி வரை வந்தார். "மெய்யாலுமே சரியுமுங்களா?"

"எப்பன்னு தெரியாதுங்க. ஆனா அதத் தாங்கிட்டிருந்த அடிக்கல்லயும் இன்னிக்கு எடுத்துப்போட்டாங்க."

நடந்ததைப் பிறகு ருக்மணி சொன்னாள். மறுநாள் காலை மயிலாத்தாள் கிணற்றுப் படியை மறித்து நின்றுகொண்டாராம். மேலிருந்து அந்தப் பாறையை உடைத்து எடுக்கும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது என்றாராம். கணவர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நண்பகலில், வெடியும் இல்லை, மழையும் இல்லை, பாறை தானாகச் சரிந்தது. மறுநாள் வேலைக்கென்று கயிற்றில் இறக்கி வைத்திருந்த கடப்பாரைகளும் கூடைகளும் அடியில் நசுங்கின. ஆள் யாரும் இல்லை.

புதைதல் எப்படித் தொடங்குகிறது என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். பழைய பிளவு ஒரு வழி, அது மட்டுமே வழியல்ல. பாறைப் பிளவு பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள், தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே நுழையுங்கள், வெட்டும் கிணற்றில் இறங்காதீர்கள். நான் இறங்கியது தவறு.

ஜூனில் பழனிச்சாமி தங்கையைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தார். என்னைக் கண்டதும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"நீங்க சொன்னாப்பல வெடிக்கு உழுகலீங்க டீச்சர்" என்றார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "வெடி வெச்ச மக்யாநாளு காலைல மொத ஆளா எறங்கப் போனது நாந்தானுங்க."